அலையொளி கம்பெனிக்கு ஒரு கேள்வி

கஸ்பார் கடைசியாகக் கேள்வி கேட்டது பீரோ கண்ணாடியிடம்.

"சேர்மன் அவர்களே! அலையில கரண்ட் எடுக்கறேன்னு சொன்ன கம்பெனி, டீசலுக்கு எதுக்கு இவ்ளோ செலவு பண்ணுது?"

"கண்ணாடி இன்னா சொல்லுச்சு?" என்றாள் மனைவி ஹில்டா, அரிசி களைந்துகொண்டே.

"பயந்துகினு கீது" என்று சொல்லிவிட்டு நெத்திலி வாங்கக் காசிமேட்டுக்குப் போனார். பையை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அவரை ஆம்புலன்ஸ் கொண்டுவந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைக் கஸ்பார் 'அலையொளி பவர்' என்ற சின்னக் கம்பெனியில் போட்டிருந்தார். எண்ணூர் கடலலையிலிருந்து மின்சாரம் எடுத்துத் தருவதாகச் சொன்ன கம்பெனி. இதுவரை அலை மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு ஆண்டும் பங்குதாரர் கூட்டத்துக்கு முன்னால் இதே ஒத்திகை நடக்கும். திரும்பி வரும்போது கையில் இரண்டு பிரியாணிப் பொட்டலம் இருக்கும்.

"நான் கேட்ட கேள்வியில சேர்மனுக்கு வேர்த்து ஊத்திடுச்சு! எல்லாருக்கும் ஒண்ணு, எனக்கு மட்டும் ரெண்டு!"

லெக் பீஸ் இருக்கிற பொட்டலம் எப்போதும் ஹில்டாவுக்கு.

இந்த ஆண்டு பங்குகள் அவள் பெயருக்கு மாறியிருந்தன. கேள்வியும் தனக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கூட்டம் நடக்கும் கல்மண்டபம் பகுதிக் கல்யாண மண்டபத்துக்குப் போனாள். வருகிற கல்லறைத் திருநாளன்று பதிலைக் கொண்டுபோய் அவரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சேர்மன் ஃப்ரெடி, "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உட்காரப் போனார். ஹில்டா எழுந்தாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"நான் கஸ்பார் சம்சாரம். ஒரே ஒரு கேள்வி..."

மைக் அடங்கியது. மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. கரண்ட் போய்விட்டது.

"ஜெனரேட்டரைப் போடுப்பா!" என்றார் மின்சாரக் கம்பெனியின் சேர்மன்.

வாசலில் டீசல் ஜெனரேட்டர் கன்டெய்னர் லாரி மாதிரி உறுமியது. ஹில்டா கத்திய கேள்வி முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

"அத்த நிறுத்துங்க!" என்று கையை ஆட்டினாள். நிறுத்தினார்கள். விசிறியும் நின்றது.

"யம்மா, சீக்கிரம் கேளும்மா! வெந்துகினு கீறோம்!" என்றது பின்வரிசை.

ஒருவழியாகக் கேட்டு முடித்தாள். ஃப்ரெடி மலர்ந்து சிரித்தார்.

"ரொம்ப நல்ல கேள்வி. இதை ஆராய ஒரு கமிட்டி போடறோம். மேடம்தான் தலைவி. கமிட்டி மொதல்ல கோவா போய் அலையெல்லாம் பாத்துட்டு வரும்."

"அலையப் பாக்கக் கோவாவா? எண்ணூர்ல இல்லாத அலையா?"

"எண்ணூர் அலை கலீஜா கீதும்மா. எண்ணெய் மெதக்குது."

"அப்போ அந்தச் செலவு?"

"அது அடுத்த வருசக் கணக்குல வரும். அப்போ கேளுங்க."

டீசலைக் கேட்கப் போய்க் கோவாவும் சேர்ந்துகொண்டது. ஹில்டாவுக்குப் பொறுக்கவில்லை.

"கமிட்டியும் வேணாம், கோவாவும் வேணாம்! இந்தக் கணக்க ஒத்துக்க மாட்டோம்னு சொல்றவங்க கையத் தூக்குங்க!" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பி முதலில் தன் கையைத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து மேடைப் பக்கத்துக் கதவு திறந்தது. பிரியாணி மாஸ்டர் ஜுபைர் டோக்கன் கட்டோடு உள்ளே வந்தார். மண்டபத்தில் ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

கதவு முதுகுக்குப் பின்னால் இருந்ததால் ஹில்டா கைகளை மட்டும்தான் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. இதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லையே!

ஃப்ரெடி பதறவில்லை. "கணக்கை ஏத்துக்கறவங்க கையத் தூக்கலாம்" என்றார்.

யாரும் கையை இறக்கவில்லை. டோக்கன் இன்னும் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை.

"ஏகமனதா நிறைவேறிச்சு. மேடமும் தூக்கிக்கீறாங்க. நன்றி."

ஹில்டா அண்ணாந்து பார்த்தாள். அவள் கை மேலேதான் இருந்தது.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் ஓடியது. டோக்கன் வாங்காமல் வாசற்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவளிடம் ஜுபைர் ஒரு பையோடு வந்தார். உள்ளே இரண்டு பொட்டலம்.

"யக்கா, அண்ணாத்தையோடது."

"வேணாம்பா. ரெண்டு பொட்டலம் வாங்கற அளவுக்கு நான் ஒண்ணும் கேட்டுக் கிழிக்கல. அவரு கேட்டிருந்தா சேர்மனுக்கு வேர்த்திருக்கும்."

ஜுபைர் பையை அவள் கையில் மாட்டிவிட்டார்.

"அண்ணாத்த எங்கக்கா கேட்டாரு? மொத வருசம் எழுந்தாரு. 'வூட்டுக்கும் சேத்து ரெண்டா வாங்கிக்கோ, குந்து நைனா'ன்னாரு சேர்மன். 'அப்போ அவளுக்கு லெக் பீஸா போடு'ன்னு சொல்லிட்டுக் குந்துனவருதான், அப்பால எழுந்துக்கவே இல்ல. இன்னிக்கும் உன்னிதுல லெக் பீஸ்தான் வச்சிக்கீறேன், பாரு."