வலப்பக்கப் பாக்கெட்

அந்தப் பள்ளத்தாக்கை விட்டுக் கிளம்பி மலையேறிக்கொண்டிருந்தேன். ஒரு கால் சுளுக்கி வீங்கியிருந்தது. இடது தோளில் ஒரு சாக்குத் தேங்காய். உடம்பில் இன்னொருவருடைய பச்சை டி-ஷர்ட். கீழே கடல் இரைந்துகொண்டிருந்தது. நான் போனது என் அண்ணனைக் கூட்டி வர. கொண்டு வந்தது தேங்காயை. (அதுவும் நான் கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்தது.)

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, அருள்புரத்தில் அண்ணன் வீட்டு மூலையில் பெட்டியை வைத்துவிட்டு, கம்பெனி கம்பெனியாக மாறிக்கொண்டிருந்தேன். எந்தக் கம்பெனியிலும் தீபாவளி போனஸ் வரை நின்றதில்லை. என்னை நம்பி ஒரு காரியத்தைக் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரு முறைதான் கொடுத்தார்கள். அண்ணன் பெண்டாட்டி, என் மதினி மட்டும் இரண்டாம் முறையும் கொடுத்தார். அவருக்கு வேறு ஆள் இல்லை.

அண்ணன் ஒரு நாள் காலையில் டீ குடிக்கப் போனவன் திரும்பவில்லை. வீட்டில் சண்டை எதுவும் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரிகளில் தேடினோம். மழைக்காலங்கள் வந்து போயின. அவன் வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று மதினி, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலையை விட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். கடைக்குப் போவதும் தண்ணீர் பிடிப்பதும் நான்தான். சாத்தூரிலிருந்து அவருடைய அண்ணன்மார் வந்து, இனி இங்கே என்ன இருக்கிறது, ஊருக்குப் புறப்படு என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

டீ குடிக்கப் போன அன்று அண்ணன் போட்டிருந்தது ஒரு பச்சை டி-ஷர்ட். அந்தச் சட்டையின் வரலாற்றில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கம்பெனியில் நான் பாக்கெட் அடித்துக்கொண்டிருந்தேன். அடையாளம் போடும் அட்டையை ஒரு நாள் திருப்பி வைத்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு குவியல் டி-ஷர்ட்டுக்கு வலது மார்பில் பாக்கெட் விழுந்துவிட்டது. (என் வாழ்நாளில் நான் வேகமாகத் தைத்தது அன்று ஒரு நாள்தான்.) சாயங்காலமே வெளியே அனுப்பிவிட்டார்கள். நினைவுக்கு இருக்கட்டும் என்று நான் எடுத்து வந்த ஒன்றை அண்ணன் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏலே, ஊருக்கெல்லாம் எடப்பக்கம். நம்ம குடும்பத்துக்கு மட்டும் வலப்பக்கம். தொலைஞ்சா லேசாக் கண்டுபிடிச்சிரலாம்."

மீதிச் சட்டைகள் என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பக்கத்து ரூம் பீகார்ப் பையன் போனில் ஊர்சுற்றிகளின் வீடியோ பார்ப்பவன். ஒரு நாள் ஓடி வந்து ஒன்றைக் காட்டினான். கர்நாடகக் கடலோரம், ரோடு இல்லாத ஒரு பள்ளத்தாக்கு, அதில் ஒரு ஓடை. ஓலைக்கட்டு தலையை மறைக்க, ஒரு ஆள் ஓடையைத் தாண்டிப் போகிறார். பச்சை டி-ஷர்ட். வலப்பக்கம் பாக்கெட்.

மதினி அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

"தோள் எறக்கத்தப் பாரு. அவுகதான்" என்றார். அண்ணனுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். "போய்க் கூட்டிட்டு வா தம்பி. அது அவுக இல்லன்னா, நான் அண்ணன்மாரோட ஊருக்குப் போயிருதேன்."

மங்களூர் வரை ஒரு ரயில், அங்கிருந்து கடலோரமாக வடக்கே இன்னொரு ரயில், பிறகு பஸ். பஸ் நின்ற மீனவர் ஊரோடு ரோடு முடிந்தது. பாறையடியில் அலை வந்து மோதும் இடத்தில் ஒரு தடம் இருந்தது. அலை இறங்கும் வரை காத்திருந்து தாண்டினேன். அப்புறம் காடு. ஈரம். அட்டைப்பூச்சிகள் என் காலை ஊருக்குப் பொதுவானதாக ஆக்கிக்கொண்டன. ஒரு கால் செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது.

எனக்குக் கன்னடம் தெரியாது. தெரிந்த இந்தி கம்பெனியில் கற்றது. அதில் பீஸ், டேமேஜ், ஜல்தி தவிர வேறு அதிகம் இல்லை. பள்ளத்தாக்கின் முதல் வீட்டில் பாக்கு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "பச்சை சட்டை ஆத்மி, ஏக் பீஸ், கிதர்?" என்றேன், பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் எங்கே என்று கேட்பதாக நினைத்து. அவர் நாலு திசையிலும் கை காட்டினார். பாவம், புத்தி சரியில்லை போல என்று நினைத்தேன்.

பாக்குத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், காய்கறிப் பாத்தி நடுவில் அவன் நின்றிருந்தான். எனக்கு முதுகைக் காட்டியபடி, பச்சைச் சட்டையில், இடது தோள் இறங்கி, தலையில் துண்டு போட்டுக்கொண்டு. "அண்ணே" என்றேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அண்ணன் கோபமாக இருந்தால் திரும்ப மாட்டான், அது எனக்குத் தெரியும். கிட்டே போகத் தைரியம் இல்லாமல் வரப்பிலேயே நின்று பேசினேன். மதினி வாசலிலேயே உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். அவர் தலையில் நரை வந்ததைச் சொன்னேன். என்மேல் ஏதாவது வருத்தம் என்றால் நான் வேறு ரூம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். கடைசியில் அழுதுவிட்டேன்.

"வர வேணாம்ணே. நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அதை மதினிகிட்டச் சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிருதேன்."

காற்றடித்தது. அவன் மெல்லத் திரும்பினான். முகம் மண்சட்டி. அதில் சுண்ணாம்பால் பல் வரைந்திருந்தார்கள்.

பின்னால் போன அடியில் ஓடைக்குள் விழுந்தேன். கால் பிசகியதும் சட்டை கிழிந்ததும் அப்போதுதான். தூக்கிவிட்டவர் பாக்கு உரித்த அம்மாவின் மகன் கணபதி. அவரும் அதே சட்டை. அவருடைய தம்பியும் அதே சட்டை. அந்த அம்மாவே சேலைக்கு மேல் அதைத்தான் போட்டிருந்தார், முன்னால் குவிந்திருந்த பாக்கு மறைத்ததால் நான் கவனிக்கவில்லை. கழித்த சரக்கு என்று ஒரு வியாபாரி எடைக்கு விற்றுவிட்டுப் போனானாம், கணபதி சைகையும் இந்தியுமாகச் சொன்னார். வீடியோவைக் காட்டினேன். ஓலைக்கட்டோடு போனது கணபதிதான். தன்னைப் போனில் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். நான் அழுவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர்கள் சோறு போட்டார்கள், காலுக்குப் பச்சிலை கட்டினார்கள், கிழிந்த சட்டைக்குப் பதிலாக ஒரு சட்டை கொடுத்தார்கள். பச்சை. வேறு சட்டை அந்த வீட்டில் இருந்ததாகத் தெரியவில்லை.

மதினிக்குப் போன் செய்யவில்லை. என்ன சொல்வது? நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்தேன். திருப்பூரில் இறங்கிப் பல்லடம் பஸ் பிடித்து அருள்புரம் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டு, மூட்டைப் பாரத்தில் இடது தோள் இறங்க, பச்சைச் சட்டையோடு எங்கள் தெருவுக்குள் திரும்பினேன்.

மதினி மடியிலிருந்த பனியன்களை அப்படியே கொட்டிவிட்டு எழுந்தார். கத்தரிக்கோல் சாக்கடையில் விழுந்தது. செருப்பில்லாமல் தெருமுனை வரை ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டீகளா" என்றார்.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். பிடித்த கையை விடவில்லை. நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். உலகத்தில் எத்தனையோ சொற்கள் இருக்க, என் வாயில் வந்தது இதுதான்:

"தேங்கா, மதினி."

அவர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பும்தான் கலந்திருந்தது. (இன்றைக்கும் வீட்டில் யாராவது கேட்ட கேள்விக்குத் திருதிருவென்று விழித்தால், "தேங்கா மதினிங்கிறான் பாரு" என்பார்கள். சாத்தூர் வரை பரவிவிட்டது.)

அன்றைக்கு அந்தத் தேங்காயை உடைத்துத்தான் குழம்பு வைத்தார். சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன், பொம்மையிடம் பேசியது உட்பட. கேட்டுவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

"நான் ஊருக்குப் போகல. ஆனா இனிமே வாசல்ல உக்காரவும் முடியாது. இன்னைக்கு ஓடுன மாதிரி இன்னொரு வாட்டி என்னால ஓட முடியாது தம்பி. எங்கயாவது செக்கிங் வேலை இருந்தாச் சொல்லு."

"அண்ணன் வந்தா?"

"சாவி எங்க இருக்கும்னு அவுகளுக்குத் தெரியும்."

மறுநாள் காலையில், பூட்டிய கதவை மதினி ஒரு முறை இழுத்துப் பார்த்த பிறகு, தெரிந்த காண்ட்ராக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் திருப்பூர்க்காரர். மதினியைப் பார்த்து, "நீங்க செக்கிங் டேபிள்ல உக்காருங்கம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாக்கெட் அடிக்க ஆளில்ல. நீ அடிப்பியா கண்ணு? எந்தப் பக்கம்னு தெரியுமல்லொ?"

"எடப்பக்கமுங்க" என்றேன்.

நான் அடித்த பீஸ்களெல்லாம் மதினியின் மேஜைக்குத்தான் போயின. ஒவ்வொன்றையும் விரித்து, வலது மார்பை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு அடுக்கினார். அன்று முழுக்க அங்கே ஒன்றும் இல்லை.