ஜமக்காளத்துக்கு அடியில் ஒரு பேட்மிண்டன் கோர்ட்

புரியாத பேச்சுக்குத் தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. டாக்டர், பாங்க் மேனேஜர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், யார் எதைச் சொன்னாலும் "ம்... கரெக்ட்" என்பேன். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கம் ஒருமுறை முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்துக்குள் புகுந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து, ஆஸ்டின் டவுனில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே எட்டு கிலோ ஏறிவிட்டது. (அக்கா கணக்கில் பன்னிரண்டு.) ஓடலாம் என்றால் தெருவெல்லாம் பள்ளம்; பள்ளம் இல்லாத இடத்தில் நாய். கிளப்பில் சேரலாம் என்றால், அங்கே நம் அப்பாவே உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் பக்கத்து ஏரியாவான அடுகோடியில் ஒரு சங்கத்தின் கல்யாண மண்டபம் கண்ணில் பட்டது. உயரமான கூரை, நடுவில் தூண் இல்லாத கூடம், வருஷத்தில் பாதி நாள் பூட்டு. கல்யாணம் இல்லாத காலைகளில் அக்கம்பக்கத்தார் நடக்கவும் விளையாடவும் திறந்துவிட்டால் என்ன? (இவ்வளவு நல்ல யோசனை எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை.)

சங்கத் தலைவர் வரதராஜன் சார், அரசு வேலையில் ஓய்வுபெற்றவர், ஒரு மாதம் என்னை அலையவிட்டார். கடைசியில் காரியத்தைச் சாதித்தது அவர் மனைவி கமலம்மாவின் முழங்கால். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்குத் தெருநாய் என்றால் நடுக்கம்.

"சரி, ஆடுங்க. கோடு கீடு போட்டுக்கோ. ஆனா ஏதாச்சும் எடக்குமுடக்கா ஆச்சு, அன்னைக்கே பூட்டிடுவேன். கொத்தாயித்தா?" என்றார் தலைவர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே மொழி. 'கொத்தாயித்தா' என்றால் 'புரிஞ்சுதா' என்பதுகூடப் புரியாமலே தலையாட்டினேன்.

முப்பது பேர் பெயர் கொடுத்தார்கள். லேத்துப் பட்டறைக்காரர்கள், ஒரு நர்ஸ், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டை பிடிக்கத் தயாரான நான்கு இல்லத்தரசிகள். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடக்கம்.

சனிக்கிழமை மாலை கோடு போடப் போனேன். தலைவர் மனதில் இருந்தது சாக்பீஸ். என் மனதில் இருந்தது சர்வதேசப் போட்டி. வெள்ளை எனாமல் பெயிண்ட், இரண்டு டப்பா. திறந்ததும் காவலாளி கங்கப்பா ஓடிவந்தார். தும்கூர் பக்கத்துக்காரர், தமிழ் துளியும் வராது.

"சார், நாளெ மதுவெ இதெ!"

மதுவா? திடுக்கிட்டேன்.

"பேடா சார், பேடா!"

புரிந்துவிட்டது. என்னைப் பெயிண்ட் அடிக்க விட வேண்டுமானால் இவருக்குக் குடிக்க மதுவும் வேண்டும், தின்னப் பேடாவும் வேண்டும்!

"பேடா நாளைக்குக் கண்டிப்பா வாங்கித் தரேன் பெரியவரே. மது மட்டும் கேக்காதீங்க. இது நாலு பேர் விளையாடுற இடம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நான் நிம்மதியாக, கெட்டியாக, இரண்டு கோட்டிங் அடித்தேன்.

(கன்னடத்தில் 'மதுவெ' என்றால் கல்யாணம். 'பேடா' என்றால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் காலியா என்று நான் தலைவரிடம் கேட்கவே இல்லை. இதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொல்ல மறுநாள் இருநூறு பேர் இருந்தார்கள்.)

இரவெல்லாம் மழை. விடிவதற்கு முன்பே பந்தல்காரர் ஆட்கள் வந்திருக்கிறார்கள். மின்சாரம் இல்லை. காயாத கோர்ட்டின் மேல் ஜமக்காளத்தை விரித்துவிட்டார்கள். பெரியவர்களும் பெண்களும் மணமேடை முன்னால் வசதியாக உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆறு மணிக்கு அரை டிராயரும் மட்டையுமாக என் படையோடு வாசலில் நின்றேன். உள்ளே கெட்டிமேளம். அட்சதை போட எல்லோரும் எழுந்தார்கள். முன்வரிசையில் ஒரு பாட்டியம்மாவோடு ஜமக்காளமும் சேர்ந்து எழுந்தது.

அப்புறம்தான் முதுகுப்பக்கங்களைப் பார்த்தேன். அரக்குப் பட்டு, மாம்பழப் பட்டு, கிளிப்பச்சை. ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு வெள்ளைக் கோடு. கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. (பெயிண்டினால் அல்ல.)

"சார், அது நம்ம சர்வீஸ் லைன் இல்ல?" என்றார் பின்னால் நின்ற நர்ஸ்.

"யாருப்பா இந்த வேலை பண்ணது?" என்று தலைவர் கத்தினார். அவர் வேட்டியிலும் கோடு இருந்திருக்கும். வெள்ளையில் வெள்ளை, தெரியவில்லை. நான் கையைத் தூக்கினேன். கையில் மட்டை.

பட்டறைக்காரர் ஒருவர் ஓடிப்போய் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். கேனோடு நாங்கள் உள்ளே நுழைய, மேடையிலிருந்து சாஸ்திரிகள் அலறினார்: "ஹோமம் நடக்கறது ஓய்! மண்ணெண்ணெயோட எங்க வரேள்? எல்லாரையும் சேர்த்துக் கொளுத்தவா?"

கொல்லைப்புறத்துக்குத் துரத்தப்பட்டோம். அங்கே பெண்கள் வரிசையாகத் திரும்பி நிற்க, நர்ஸும் நான்கு இல்லத்தரசிகளும் துணியை நனைத்துத் துடைத்தார்கள். நான் சுவரைப் பார்த்து நின்றபடி, துடைத்தவர்களுக்குத் துணி கிழித்துக் கொடுத்தேன். "என் கல்யாணப் பட்டுடா இது!" என்று ஒருவர். "எங்க சம்பந்திக்கு மட்டும் ரெண்டு கோடு, எனக்கு ஒண்ணா?" என்று இன்னொருவர்.

கல்யாணப் பெண்ணின் அம்மா மட்டும் வரவில்லை. முந்தானையை இழுத்து இழுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று பந்தியில் எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருந்தார். என்னையும்! அந்த இலையின் முன்னால்தான் எனக்கு அழுகை வந்தது.

"ஹாலுக்கு இன்னைக்கே பூட்டு" என்றார் தலைவர், கைகழுவும் இடத்தில்.

கமலம்மா திரும்பினார். அவர் ஊதாப் பட்டில் மண்ணெண்ணெய் வாடை வீசியது. "புடவை போனா போகுது. பூட்டிட்டா நாளைக்கு நான் எங்க நடக்கறது? உங்க தலைமேலயா?"

தலைவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமையிலேர்ந்து ஆடுங்க," என்றார் என்னிடம். "ஆனா மொதல்ல கங்கப்பாகிட்ட கன்னட கத்துக்கோ."

கற்றுக்கொண்டேன். மண்டபமும் திறந்தே இருந்தது. கமலம்மா அந்தக் கோட்டின் மேலேயே தினமும் இருபது சுற்று நடந்தார்.

அக்கா இந்தக் கதையைத் திருவண்ணாமலை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். இன்றைக்கும் உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், என் தலை வாசலில் தெரிந்ததும், உட்காரப்போகும் அத்தைமார் குனிந்து தரையை ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். சிலர் மோந்தும் பார்க்கிறார்கள்.