வெள்ளை நிறத்தில் ஒரு வரி

வேர்டு கோப்பை பி.டி.எஃப். ஆக்காமல் அப்படியே அனுப்புகிறவர்களுக்கு ஒன்று துணிச்சல் அதிகம், இல்லை விவரம் போதாது. நான் இரண்டாவது ரகம். அனுப்பியது என் கல்யாண பயோடேட்டா.

தேனி பஜாரில் கடை வைத்திருக்கும் அப்பா அதை டி.டி.பி. சென்டரில் அடித்து வாங்கி வந்தார். அழகுபடுத்தும் பொறுப்பு என்னுடையது. தன் பெயர் என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வேண்டும் என்றார். ஆக்கினேன். 'பி.காம்.' தடித்த எழுத்தில் வேண்டும் என்றார். அதுவும் ஆச்சு. கடைசி வரியில் 'சமையலில் கைதேர்ந்தவர்' என்று இருந்தது. (எனக்கு வெந்நீரே சில நாள் சரியாக வராது.) அழித்தால் அப்பா கோபிப்பார், விட்டால் பொய். அவர் கடைக்குக் கிளம்பியதும் அந்த வரியை மட்டும் வெள்ளை நிறமாக்கினேன். கோப்பில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

டி.டி.பி. சென்டரில் யாரோ அந்தக் கோப்பில் 'ட்ராக் சேஞ்சஸ்' போட்டுவிட்டிருந்தார்கள். பெரிதாக்கியது, தடிமனாக்கியது, நிறம் மாற்றியது எல்லாமே ஓரத்தில் பதிவாகிக்கொண்டு வந்திருக்கிறது. என் திரையில் மட்டும் அது தெரியவில்லை.

அனுமந்தன்பட்டி மாப்பிள்ளை வீட்டார் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தேன், ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் தலை குனிந்து, மிக மிக நல்ல பெண்ணாக உட்கார்ந்திருந்தேன். அவருடைய அம்மா காகிதத்தை விரித்தார். வலது ஓரம் முழுக்கக் கட்டம் கட்டமாக ஆங்கிலம்.

"மத்ததெல்லாம் எம் மகன் வாசிச்சுச் சொல்லிட்டான்," என்றார். "இங்கன மட்டும் எழுத்து வெள்ளைன்னு போட்டு, கோடு வெறும் எடத்துக்குப் போகுது. அதுல என்னத்தா இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். கூட வந்திருந்த மாமா ஒருவர், "எதையோ மறைக்கிறாக," என்றார் மெதுவாக. வியாதி, பழைய காதல் என்று அந்த வெற்றிடத்தில் அவர்கள் எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். சம்பந்தம் கைவிட்டுப் போகிறது என்று புரிந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சமையல் நல்லாத் தெரியும்னு இருக்கும்மா. எனக்குத் தெரியாது. அதான் வெள்ளையாக்கிட்டேன்."

அப்பா ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அம்புட்டுத்தானா? நான் என்னமோ ஏதோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுல்ல வந்தேன். எங்க வீட்ல குழம்பு வைக்கிறதே எம் மகன்தான். அவன் பயோடேட்டாவுல அதைப் போட்டா கவுரவக் கொறச்சல்னு எங்க வீட்டுக்காரவுக எடுக்கச் சொல்லிட்டாக."

இப்போது தலை குனிந்தது மாப்பிள்ளை.

அந்த ஓரத்துக் கட்டத்துக்கு நான் மனசார நன்றி சொல்கிறேன். அது காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால், சமைக்கத் தெரிந்தவளாக நடித்தே என் ஆயுள் கழிந்திருக்கும். இப்போதும் எப்போதாவது நான் சாம்பார் வைக்கிற நாளில், மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "நல்லாருக்குத்தா" என்பார்.

"அம்மா, அது கறுப்பு எழுத்தா, வெள்ளை எழுத்தா?" என்று கேட்பார் என் கணவர்.

மாமியார் மோர் கேட்பார்.