லாபம் அண்ணன் எண்ணிய நாற்பத்தெட்டுத் தலைகள்

உலகத்தில் எண்ணுவதற்காகவே ஒரு மனிதர் பிறந்தார் என்றால், அது எங்கள் கல்லூரியில் பஸ் ஓட்டும் லாபம் அண்ணன்தான். சாப்பிட உட்கார்ந்தால் இட்லியை எண்ணுவார். அதையாவது மன்னிக்கலாம். என் கல்யாண ஆல்பத்தைக் காட்டியபோது பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. "குரூப் போட்டோல முப்பத்தோரு பேரு. ஒருத்தர் கண்ண மூடியிருக்காரு" என்று திருப்பிக் கொடுத்தார். கண்ணை மூடியிருந்தது நான்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸ் பதிவேட்டில் எங்கோ இருக்கிறது. லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இளவயதில் நெல் அளந்தவர். களத்தில் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். ஸ்டியரிங் பிடித்து இருபது வருஷமான பிறகும் அவர் வாயில் ஒன்று வரவில்லை. டூர் முடிந்து பஸ் கிளம்பும் முன், முதல் சீட்டில் இருப்பவன் தலையில் உள்ளங்கையை வைத்து "லாபம்" என்பார். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு என்று கடைசி சீட் வரைக்கும் போவார். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தலைக்கு ஒரு சாண் மேலே காற்றில் ஒரு தட்டு. அரியர் வைத்திருக்கும் பையன்கள் ராசிக்காக அந்த முதல் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள்.

நான் அதே கல்லூரியில் செக்யூரிட்டி. பத்தாவது வரை படித்தவன். ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறேன் என்று வேலைக்கு எடுத்தார்கள். வாயைத் திறந்து பேசவே கூச்சப்படுகிறவன் என்பதை அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வந்தால்தானே?

"அண்ணே, கேட் பாஸ் மறந்துட்டோம், போயிட்டு வரோம்."

"சரிங்க."

"அண்ணே, இவன் எங்க காலேஜ் இல்ல, சும்மா சுத்திப் பாக்க வந்திருக்கான்."

"சரிங்க."

இப்படியே என் பெயர் 'சரிங்க அண்ணன்' ஆகிவிட்டது. ஒருமுறை ஒருவன் வகுப்பறை நாற்காலியையே பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். கேட்டைத் திறந்துவிட்டு, "பாத்துப் போங்க, கால்ல இடிக்கும்" என்றேன்.

போன வருஷம் கடைசி வருட மாணவர்களுக்குப் பிரிவுபசார விழா நடந்தது. கல்லூரிக்குள் கேக்கும் சொற்பொழிவும். அவர்கள் சொல்லும் 'உண்மையான பார்ட்டி' ஸ்ரீரங்கத்தைத் தாண்டி கொள்ளிடக் கரையோரம், மறுநாள் வரை வாடகைக்கு எடுத்திருந்த ஒரு தோப்பு வீட்டில். மதியம் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. நிர்வாகம் மூன்று நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. கல்லூரி பஸ்ஸில்தான் போக வேண்டும். ஒரு செக்யூரிட்டி கூடப் போக வேண்டும். குடித்தவன் கையில் டி.சி., அவனோடு இருந்தவர்களுக்கும் டி.சி. இந்த மூன்றாவதை மட்டும் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்.

தோப்பு வாசலில் பைகளைச் சோதிப்பது என் பொறுப்பு. வகுப்பு லீடர் அஷ்ரப், பெரிய கடைவீதிப் பக்கத்துப் பையன், பைக்குள் ஒரு பெரிய ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் வைத்திருந்தான். மூடியைத் திறந்தேன். ஆரஞ்சு வாசனை எங்கோ தூரத்தில் வந்தது.

"இது என்னங்க தம்பி?"

"இருமல் மருந்துண்ணே."

ஒன்றரை லிட்டர் இருமலா என்று கேட்க நினைத்தேன். கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது. "சரிங்க. உடம்பப் பாத்துக்கங்க" என்று மூடியை நன்றாக இறுக்கியும் கொடுத்தேன்.

லாபம் அண்ணன் பஸ் படியில் நின்றபடி தன் வழக்கமான உரையை ஆற்றினார்.

"தம்பிங்களா, பாப்பாங்களா! யாரு என்ன குடிக்கிறீங்கன்னு எனக்குத் தெரிய வேணாம். நான் மூக்கால பஸ் ஓட்டல. போறப்ப நாப்பத்தெட்டு, வர்றப்பவும் நாப்பத்தெட்டு. யாருக்காச்சும் ஒரு மாதிரி இருந்தா நேரா எங்கிட்ட வாங்க. பேரு கேக்க மாட்டேன்."

"ஆடறப்பவும் எண்ணுவீங்களாண்ணே?" என்று ஒருத்தன் கத்தினான்.

"ஆடாம நில்லுடா, எண்ணிட்டுப் போறேன்!"

ஒரே சிரிப்பு. பாட்டு ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் என் சட்டைப் பொத்தான்கள் தனித்தனியாக ஆடின. நான் பிரியாணிப் பொட்டலத்தோடு மாமரத்தடியில் ஒதுங்கினேன். சாப்பிட்டதும் கண்ணைச் சொருகியது. தூங்கிவிட்டால் வேலை கெட்டுவிடுமே என்ற பொறுப்புணர்ச்சியில், நாலு மணிக்கே ரிஜிஸ்டரில் 'திரும்பியவர்கள்: 48' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, அப்புறம்தான் தூங்கினேன்.

ஆறு மணிக்கு எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள். "எல்லாரும் வந்தாச்சுங்களா?" என்று கேட்டேன். "வந்தாச்சுண்ணே!" என்று ஒரே குரல். என்னைப் பொறுத்தவரை அதுதான் எண்ணிக்கை. லாபம் அண்ணனுக்கு அது போதவில்லை. முதல் சீட்டில் கை வைத்துத் தொடங்கினார்.

நாற்பத்தேழு வரைக்கும் தகராறு இல்லை. கடைசி சீட் ஜன்னலோரம் ஒருவன் ஜாக்கெட்டின் தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டு, கூலிங் கிளாஸ் போட்டுச் சாய்ந்திருந்தான்.

"சரவணன்ண்ணே. தூங்குறான், எழுப்பாதீங்க" என்றான் அஷ்ரப்.

"எழுப்பலடா" என்று அண்ணன் உள்ளங்கையை வைத்தார். "நாப்பத்..."

டமார்!

சரவணனின் தலை வெடித்துவிட்டது. ஜாக்கெட் காற்றுப் போன கோணிப்பை மாதிரி சரிந்தது. கூலிங் கிளாஸ் மடியில் விழுந்தது. மேடை அலங்காரத்துக்குக் கட்டிய பலூன்! மூன்று வருஷமாக வகுப்புக்கு வராதவனுக்கெல்லாம் "பிரசன்ட் சார்" சொல்லிப் பழகிய பிள்ளைகள், பஸ்ஸுக்கும் ஒரு பிராக்சி வைத்துவிட்டார்கள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்தது நான் ஒருவன் மட்டும்தான் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"பையன் எங்க?" என்றார் அண்ணன்.

"ஆட்டோல வீட்டுக்குப் போயிட்டான்ண்ணே."

"வீடு எங்க?"

"மணப்பாறை."

"மணப்பாறைக்கு ஆட்டோலயா? போனப் போடு."

போட்டார்கள். சரவணனின் போன் அஷ்ரப்பின் சட்டைப் பைக்குள் மணியடித்தது.

எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். "அண்ணே, ரிஜிஸ்டர்ல நாப்பத்தெட்டுன்னு போட்டாச்சு. கெளம்பலாமே" என்றேன். என் வாழ்க்கையில் நானாக வாய் திறந்து சொன்ன சில யோசனைகளில் அது ஒன்று.

அண்ணன் பஸ் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். "ரிஜிஸ்டரு மூச்சு விடுமா?" என்றார்.

மூன்றாவது சீட்டில் நித்யா என்ற பெண் அழ ஆரம்பித்தாள். "மாடி ரூம்ல இருக்கான்ண்ணே. ரொம்பக் குடிச்சிட்டான். வாந்தி எடுத்தான். வெளிய தெரிஞ்சா எல்லாருக்கும் டி.சி.ன்னு... தூங்கினா சரியாயிடும்னு வெளிய பூட்டிட்டோம். காலைல வந்து கூட்டிட்டுப் போலாம்னு..."

முழங்கால் வலிக்காரரான அண்ணன் மாடிப்படியில் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். அவர் எண்ணாமல் ஏறிய படிகள் அவையாகத்தான் இருக்கும். அஷ்ரப்பிடம் வாங்கிய சாவியால் பூட்டைத் திறந்தால், பையன் பாயில் மல்லாந்து கிடந்தான். அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீர் கொப்பளிப்பது மாதிரி ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. உதடு வெளுத்திருந்தது. அண்ணன் அவனை ஒருக்களித்துப் புரட்டி, விரலை விட்டு வாயைத் துடைத்தார். பாய்க்குப் பக்கத்தில், நான் மூடியை இறுக்கிக் கொடுத்த இருமல் மருந்து பாட்டில் காலியாகக் கிடந்தது.

"சரிங்க, தோளப் புடிங்க" என்று அண்ணன் என்னைப் பட்டப்பெயரில் கூப்பிட்டார். தூக்கினேன். இந்த உடம்பு ஒரு வேலைக்கு உதவியது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷத் தூரம். பஸ்ஸிலேயே கிளம்பினோம். பையன் என் மடியில் ஒருக்களித்துக் கிடந்தான். பளபளக்கும் கோட்டும் புடவையுமாகச் சுற்றிலும் நாற்பத்தேழு பேர். ஸ்ரீரங்கத்துத் தெருவில் சாயங்கால நெரிசல். நெற்றியில் திருமண் இட்ட ஒரு பெரியவர் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டார்.

"ஏங்காணும், பெருமாளே எதிர்ல வந்தாலும் ஹாரன் அடிப்பீரா?"

"சாமி, உள்ள ஒரு பிள்ளைக்கு உசுரு ஊசலாடுது!"

பெரியவர் சட்டென்று ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். ஸ்கூட்டரைத் திருப்பி எங்களுக்கு முன்னால் விட்டார். "சித்த நகருங்கோ! வழி விடுங்கோ!" என்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கத்திக்கொண்டே போனார்.

என்ன குடித்தான், எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். அஷ்ரப் தரையைப் பார்த்தான். "டி.சி. கெடக்கட்டும்டா, டாக்டர்ட்ட சொல்லு" என்று அண்ணன் அதட்டிய பிறகுதான் வாயைத் திறந்தான். இன்னும் ஒரு மணி நேரம் அந்தப் பூட்டிய அறையில் கிடந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துவிட்டு முடிக்காமல் உள்ளே போனார். விடிந்த பிறகு சரவணன் கண் விழித்தான். "அண்ணே, பஸ் போயிடுச்சா?" என்றான்.

இரண்டு நாள் கழித்து லாபம் அண்ணனையும் என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். "சரவணனோட யார் யார் குடிச்சாங்க? பேர் வேணும்" என்றார் முதல்வர்.

"நாப்பத்தெட்டு பேர் போனாங்க சார். நாப்பத்தெட்டு பேர் வந்துட்டாங்க" என்றார் அண்ணன்.

"பேர் கேட்டேன்."

"கேக்க மாட்டேன்னு அதுங்ககிட்ட சொல்லிட்டேன் சார். இப்ப சொன்னா அடுத்த வருஷம் ஒருத்தனும் எங்கிட்ட வர மாட்டான். இன்னும் பெரிய பூட்டா வாங்கிப் போடுவான்."

முதல்வர் என் பக்கம் திரும்பினார். "ரிஜிஸ்டர்ல நாற்பத்தெட்டுன்னு இருக்கு. சரியாத்தானே எண்ணிப் போட்ட?"

ஒரே ஒரு 'சரிங்க'வில் தப்பித்திருக்கலாம். ஆயுசு முழுக்கப் பழகிய வார்த்தை. ஆனால் அந்தத் தொண்டைச் சத்தம் இரண்டு நாளாகக் காதிலேயே இருந்தது.

"இல்லீங்க. எண்ணாமப் போட்டேன். பாட்டிலயும் நாந்தான் உள்ள விட்டேன்" என்றேன்.

"என்ன? சத்தமாச் சொல்லு."

என் குரல் அவ்வளவுதான். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மற்றவர்கள் ஒரு குற்றத்தை ஒரு தடவை ஒப்புக்கொண்டால் போதும், எனக்கு மூன்று தடவை. மூன்றாம் தடவை வராந்தாவில் இருந்தவர்களுக்கே கேட்டுவிட்டது.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். லாபம் அண்ணனை டூர் வண்டியிலிருந்து எடுத்து, எடமலைப்பட்டி புதூரிலிருந்து கல்லூரிக்கு வரும் பழைய பஸ்ஸுக்கு மாற்றினார்கள். வேறு பெயர் தெரியாததாலும், சரவணன் ஆஸ்பத்திரியில் பட்டதே போதும் என்று விட்டதாலும் யாருக்கும் டி.சி. கிடையாது. அடுத்த மாதம் சிவப்பு நோட்டீசுக்குக் கீழே புதிதாக ஒரு வரி ஒட்டியிருந்தது: உடம்புக்கு முடியாதவரை அழைத்து வருபவர் மீது நடவடிக்கை இல்லை. யார் எழுதச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற ஆளா நான்?

என் வீடு திருவானைக்காவலில். தெருமுனைக்கே ஒரு கல்லூரி பஸ் வருகிறது. நான் இப்போது டவுன் பஸ் பிடித்து, காவேரிப் பாலத்தைக் கடந்து, ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற எடமலைப்பட்டி புதூர் போய், அங்கே லாபம் அண்ணன் பஸ்ஸில் ஏறுகிறேன். ஏன் இந்தச் சுற்று என்று மனைவி கேட்டால், அந்த பஸ்ஸில் ஜன்னல் காற்று நன்றாக வரும் என்கிறேன். அந்த பஸ்ஸில் ஒரு ஜன்னலும் திறக்காது.