அந்தத் தேடல் கருவியைக் கழற்றிவிடுவது குறித்து

மதிப்புக்குரிய மாப்பிள்ளை தீனதயாளன் அவர்களுக்கு,

தியாகதுருகத்திலிருந்து மாமனார் சுப்புராயன் எழுதுவது. நீங்களும் மகள் சுபஸ்ரீயும் பெங்களூரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே ஆடு மாடு உட்பட எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் மாடு சுகமில்லை, காரணம் நீங்கள்.

உங்கள் மைத்துனன் தமிழரசன் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பது நீங்கள் அறிந்ததே. புரோகிராம் எழுத அவனுக்கு ஒரு ஏஐ உதவியாள் உண்டு. முன்பெல்லாம் ஒரு வரியைத் திருத்தச் சொன்னால், அந்த வரி எங்கே இருக்கிறது என்று அது வைக்கோல்போரை உதறுவதுபோல் எல்லாக் கோப்புகளையும் உதறித் தேடும். அது தேடும் நேரத்தில்தான் எங்கள் விவசாயமே நடந்தது. ஒரு தேடலில் பால் கறப்பான், இன்னொரு தேடலில் மோட்டார் போட்டுவிட்டு வருவான், பெரிய தேடலாக வாய்த்தால் சோளத்துக்கு உரமே வைத்துவிடுவான். நீங்கள் பொங்கலுக்கு வந்தீர்கள், வேகமாகத் தேடும் கருவி ஒன்றை அதில் பூட்டிவிட்டுப் போனீர்கள், அன்றோடு போயிற்று. ஏன்டா எழுந்திருப்பதில்லை என்று கேட்டால், "அது எல்லாத்துக்கும் முன்னாடியே அட்டவணை போட்டு வெச்சிக்கினு நேரா அந்த வரிக்குப் போயிடுதுப்பா, நான் எழுந்தா அடுத்து இன்னான்னு கேட்டுக்கினு நிக்கும்" என்கிறான். மாடு அவன் கைக்குத்தான் பால் விடும். நான் உட்கார்ந்து பார்த்தேன், உதைத்த உதையில் இடுப்புப் பிடிப்பு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போய்விட்டது. நேற்று கல்வராயன் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது, களத்தில் காயும் சோளத்தை மூட வாடா என்று கத்தினேன், "தோ வர்றேன்" என்றான், அவனுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. உங்கள் அத்தை பாப்பாத்தி நனைந்த சோளத்தின் நடுவே நின்று, "மாப்புள்ள நல்லதுக்குத்தான் பண்ணாரு, ஆனா அது மெதுவா தேடிக்கினு இருந்த வரைக்கும் புள்ள வூட்டுக்கு ஒதவுனான்" என்று மூக்கைச் சிந்தினாள்.

ஆகவே தயவுசெய்து அந்தக் கருவியைக் கழற்றி, பழைய மந்தத்தையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் வணக்கம். மகளும் நீங்களும் ஒரு குறையும் இல்லாமல் வாழ அர்த்தநாரீஸ்வரர் துணை.

இப்படிக்கு,
சுப்புராயன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தமிழரசன் தானாகவே எழுந்து வந்து பால் கறக்க உட்கார்ந்தான். அந்தக் கருவியைக் கம்பெனி முழுக்கப் பூட்டியதில் தேடுகிற வேலை இவ்வளவு சீக்கிரம் முடிவதால் இத்தனை பேர் தேவையில்லை என்று கம்பெனி அவனை நிறுத்திவிட்டதாம். பாப்பாத்தி அழுகிறாள். மேலே எழுதியதை மறந்துவிட்டு, எப்படியாவது அவனை மறுபடி நாற்காலியில் உட்கார வையுங்கள். உங்கள் கம்பெனியிலும் அதே கருவிதான் என்கிறான். மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். எதற்கும் இருக்கட்டும் என்று உங்களுக்கும் ஒரு மண்வெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.