கப்பித்தானின் துப்பல்

பெண்டாட்டியோடு சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பங்குச்சாமியாரோடு சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த உலகத்தில் தன் சொந்த எச்சிலோடு மல்லுக்கு நின்ற ஒரே மனிதர் எங்கள் தெரு கப்பித்தான்தான். அந்தச் சண்டை என் கடைக்குள் நடந்தது. அன்று அவர் ஓங்கிக் குத்தியதில் உடைந்த கீபோர்டு இன்னும் என் பரணில் கிடக்கிறது.

கடியப்பட்டணத்தில் அப்போது நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். விசா, பாஸ்போர்ட், பரீட்சை ரிசல்ட் என்று ஆட்கள் வருவார்கள். கப்பித்தான் திட்டுவதற்காக மட்டுமே வருவார். கடற்கரையில் மீன் ஏலம் விடுவது அவர் தொழில். ஏலம் முடிந்து தொண்டையில் மிச்சமிருக்கும் சத்தத்தை என் கடையில் வந்து இறக்கிவைப்பார். கரண்ட் போனால் என்னைத் திட்டுவார். வந்தால், ஏன் இவ்வளவு லேட்டாக வந்தது என்று திட்டுவார். வாயில் எப்போதும் வெற்றிலை. தெருவில் அவர் துப்பாத சுவர் கிடையாது.

கப்பித்தான் என்றால் கேப்டன். எந்தக் காலத்திலோ கரை ஒதுங்கிய போர்ச்சுக்கல் கப்பலின் கேப்டனுக்குத் தாம் நேர் வாரிசு என்பது அவர் கட்சி. “எனக்க ரத்தம் லிஸ்பன் ரத்தமாக்கும்!” என்பார். அதற்குச் சாட்சி அவருடைய பூனைக்கண்ணும், குடும்பப் பெயரும். அந்த மாதிரிப் பெயர் கடலோரத்தில் பாதிப் பேருக்கு உண்டு. முன்னோர்கள் மதம் மாறியபோது ஞானஸ்நானத்துக்கு நின்ற வெள்ளைக்காரன் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெயரைக் கொடுத்தவன் ரத்தத்தையும் கொடுத்துவிட்டுப் போனான் என்று நம்பியவர் எங்கள் ஊரில் இவர் ஒருவர்தான்.

வெறும் வேடிக்கையோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த ரத்தப் பெருமையை அவர் ஒரு பெண்ணின் தலையில் போட்டு உடைத்தார். அவருடைய ஒரே தங்கை ரோசம்மா, கருவாடு வாங்க வந்துகொண்டிருந்த திருவட்டாறு பலசரக்குக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இந்துப் பையன். கப்பித்தான் அன்றைக்கே தலைமுழுகினார். அதோடு விட்டாரா? பல வருஷம் கழித்து அவர்கள் தாயார் இறந்தபோது ரோசம்மாக்கா ஓடிவந்தாள். இவர் கல்லறைத் தோட்டத்து வாசலில் குறுக்கே நின்றார்.

“அண்ணே, ஒரு பிடி மண்ணு மட்டும் போட்டுட்டுப் போயிருதேன்.”

“எனக்க ரத்தமில்ல நீ. போட்டி வெளிய!”

அவள் வெளியே நின்றே அழுதாள். ஊர் கைகட்டிப் பார்த்தது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அன்று வந்த கோபம் எனக்கு வெகுகாலம் ஆறவில்லை. எவனோ ஒரு போர்ச்சுக்கல்காரன் ரத்தமாம், கூடப்பிறந்தவள் ரத்தம் இல்லையாம்! இரண்டு பஸ் மாறினால் திருவட்டாறு. இந்த மனிதர் லிஸ்பனில் சொந்தம் தேடிக்கொண்டிருந்தார்.

அவருடைய மகன் ஜெரால்டு அமெரிக்காவில் வேலை பார்த்தான். எச்சிலை ஒரு குழாயில் துப்பிக் கொடுத்தால் டிஎன்ஏ பார்த்துப் பூர்வீகம் சொல்வார்கள், உலகத்தில் எங்கெங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்வார்கள் என்று ஒருநாள் போனில் வாயை விட்டுவிட்டான். அந்தக் குழாயை வாங்கி வராமல் வாசற்படி மிதிக்காதே என்று அப்பா கர்ஜித்தார். அடுத்த லீவுக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாக வாங்கி வந்தான்.

துப்புகிற அன்று தெருவே அவர் முற்றத்தில் கூடியது. அரைமணி நேரத்துக்கு முன்பிருந்தே வாயில் ஒன்றும் போடக்கூடாது என்பது விதி. விதியெல்லாம் சாதாரண ஆட்களுக்குத்தானே? கப்பித்தான் வெற்றிலையோடு துப்பினார். குழாய் செக்கச்செவேல் என்றானது. ஜெரால்டு தலையில் அடித்துக்கொண்டு அதைக் கொட்டினான். வாயைக் கொப்பளிக்க வைத்து, அரைமணி நேரம் உட்கார வைத்து, இரண்டாவது குழாயை நீட்டினால் ஒரு சொட்டு வரவில்லை. ஊர்ச் சுவரையெல்லாம் நனைத்த வாய் வறண்டுபோயிற்று.

“என்னத்துக்கு எல்லாவனும் பாத்துட்டு நிக்கிய? இதென்ன கூத்தா? போங்கலே!”

“மாமா, டீசல் விலையை நெனச்சுப் பாருங்க” என்றேன் நான். வந்த ஆத்திரத்தில் ஒரே துப்பு, குழாய் நிறைந்துவிட்டது.

ஜெரால்டு அதைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போனான். அதன் பிறகு ஏலத்தில் சாளை மீனுக்கு விலை கூவும்போதுகூட இதே பேச்சு. “மனுசன் பொய் பறயுவான். துப்பல் பொய் பறயாது, கேட்டியளா!”

ரிசல்ட் வந்ததும் ஜெரால்டு பாஸ்வேர்டை எனக்கு அனுப்பினான். நீயே பக்குவமாகச் சொல்லிவிடு அக்கா என்று ஒரு கும்பிடு வேறு. கோழைப் பயல். கடை நிறைய ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்து கப்பித்தான் வந்து உட்கார்ந்தார்.

“தென்னிந்தியா, இலங்கை. நூத்துக்கு நூறு, மாமா.”

பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் காணாத மார்க்கை வாங்கியவர் கீபோர்டில் குத்தினார்.

“அந்த மொதக் குழாயிலயாக்கும் போர்ச்சுக்கல் துப்பல் இருந்தது! அதக் கொட்டிப்போட்டானே, சவத்துப்பய!”

அதோடு முடியவில்லை. கீழே இன்னொன்று இருந்தது. அவருக்கு மிக நெருங்கிய ரத்த சொந்தம் ஒருத்தி அமெரிக்காவிலேயே இருக்கிறாள். பெயர் நித்யா. பேத்தியாகவோ, அப்பா வழியில் இன்னொரு தங்கையாகவோ, தங்கை மகளாகவோ இருக்கலாம் என்று கம்ப்யூட்டர் சொன்னது.

“பேத்தியா? ஜெரால்டுக்கு இன்னும் கல்யாணமே ஆவல்ல!”

“அப்ப ஒங்க அப்பாவுக்கு வேற எங்கயாவது ஒரு வீடு…”

“ஏட்டி! எனக்க அப்பனப் பத்தியா பறயுத? அந்த மனுசன் எனக்க அம்மையத் தவிர வேற மொகம் பாத்ததில்ல!”

“அப்ப மிச்சம் ஒண்ணுதான் மாமா. இது ரோசம்மாக்காவுக்க மவ.”

அந்தப் பெண் ஒரு வரியும் எழுதியிருந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல்தான் தேடுகிறேன், அம்மாவின் ஆட்கள் யாராவது எங்களோடு பேசுவீர்களா என்று. வாசித்துக் காட்டினேன். கப்பித்தானின் கழுத்து நரம்பு புடைத்தது.

“அழிச்சுப்போடு அத!”

எனக்கு அந்தக் கல்லறை வாசல் கண்முன் வந்து நின்றது. எழுந்து நின்று கத்தினேன்.

“கம்ப்யூட்டர்ல அழிக்கலாம் மாமா. ரத்தத்துல எப்பிடி அழிப்பிய? எனக்க ரத்தமில்லன்னு அம்மைக்க சாவுல வச்சு வெரட்டினியள்லா? இப்ப ஒங்க துப்பலே சொல்லுது. துப்பல் பொய் பறயாதுன்னு கடப்புறம் முழுக்கக் கூவினது யாரு?”

அவர் பதிலுக்குக் கத்துவார் என்று எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அவர் எழுந்தார். வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். அது அவர் செருப்பு இல்லை, பாஸ்போர்ட்டுக்கு வந்தவருடையது. அந்த மனிதர்கூட அதைக் கேட்கத் துணியவில்லை.

பிறகு ஏலத்தில் அவர் குரல் இறங்கிப்போனது. கப்பித்தானுக்கு உடம்புக்கு என்னவோ என்று ஊர் பேசியது. கல்லறைத் திருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் கடைக்கு வந்தார்.

“போனப் போடு அவளுக்கு.”

“எவளுக்கு?” என்றேன், வேண்டுமென்றே.

“ஏட்டி, எனக்க தங்கச்சிக்கு!”

நித்யாவிடம் நம்பர் வாங்கிப் போட்டுக்கொடுத்தேன். அந்தப் பக்கம் ஹலோ என்றதும் இவர் ஏலக்குரலில் ஒரே மூச்சாக முழங்கினார்: “கல்லறைத் திருநாளுக்கு வந்து சேரு. அம்மைக்க கல்லறையில மெழுகுதிரி கொளுத்த ஆளில்ல.” வைத்துவிட்டார். பச்சைப் பொய். வருஷந்தோறும் கட்டுக்கட்டாகக் கொளுத்துகிறவர் அவரேதான். மன்னிப்பு என்று ஒரு சொல் வருமா என்று பார்த்த எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

ரோசம்மாக்கா புருஷனோடு வந்தாள். கல்லறைத் தோட்டத்து வாசலில், அன்று நின்ற அதே இடத்தில், கால் எடுத்துவைக்காமல் நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“அங்க என்ன நிக்குத? வாட்டி உள்ள!”

கடல் காற்றில் அவள் கொளுத்திய திரி அணைந்து அணைந்து போனது. “கைய மறைச்சுப் பிடிட்டி! திருவட்டாத்துல காத்தே கெடயாதா?” என்று அதற்கும் அதட்டல். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகியபடி குனிந்து, கல்லறை ஓரத்து மணலை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்து அமுக்கினார்.

“இந்தா. அன்னைக்குப் போடாத மண்ணு. போடு.”

அவள் போடவில்லை. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். கப்பித்தானுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மச்சினன் பக்கம் திரும்பி, “ஓய், கருவாடு இப்ப என்ன வெலைக்கு வாங்குதீரு? ஒம்ம நல்லா ஏமாத்துதானுவ!” என்று பாய்ந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை யாராவது சொல்லியிருந்தால் அடிதடிதான் நடந்திருக்கும்.

கப்பித்தான் இப்போது அதே தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். என் கோபம் முழுக்க ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கல்லறைத் திருநாளில் ரோசம்மாக்கா வரும்போது நானும் ஒரு மெழுகுதிரி எடுத்துக்கொண்டு போகிறேன். காற்றுக்குக் கையை நன்றாக மறைத்துப் பிடித்துக்கொள்கிறேன். இல்லையென்றால் உள்ளேயிருந்தே திட்டுவார்.