பத்து வருட ஷிராஸும் எங்கள் பாத்ரூம் பரணும்

பத்து வருடம் பொறுமையாக இருந்து நான் செய்து முடித்த காரியம் ஒன்றே ஒன்றுதான். ஓர் அருமையான ஆஸ்திரேலிய ஒயினை வினிகராக்கினேன்.

எங்கள் கல்யாணத்துக்கு அடிலெய்டிலிருந்து வந்த மச்சான் (மனைவி கவிதாவின் அண்ணன்) ஒரே மாதிரி இரண்டு ஷிராஸ் (சிவப்பு ஒயின்) பாட்டில்கள் கொண்டுவந்தார். ஒன்று எனக்கு, ஒன்று மாமனாருக்கு.

"இப்பவே தொறந்துடாதீங்க மாப்ள. இது பத்து வருஷம் தாராளமா தாங்கும். வயசாக வயசாகத்தான் ருசி. குளுமையா, இருட்டா ஒரு எடத்துல படுக்க வைங்க" என்றார்.

படுக்க வைக்கச் சொன்னது குடித்தவரை என்று நினைத்துக்கொண்டேன்.

திருப்பத்தூர் வெயிலில் வளர்ந்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவன் நான். பெங்களூரு மொத்தமும் ஒரு ஃப்ரிட்ஜ் என்பது என் அபிப்பிராயம். அடுகோடியில் எங்கள் வீட்டில் இருட்டான இடம் பாத்ரூம் பரண்தான். அங்கே பாட்டிலை லேபிள் தெரியும்படி நிமிர்த்தி நிற்க வைத்தேன். பக்கத்தில் வெந்நீர் கெய்சர். (பாவம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, கொஞ்சம் கதகதப்பாக இருக்கட்டுமே!) வீட்டுக்கு யார் வந்தாலும் ஸ்டூல் போட்டு ஏறி, பாட்டிலை இறக்கிக் காட்டி, மறுபடி ஏற்றி வைப்பேன்.

மாமனார் இதே ஊரில், மர்பி டவுனில் தனியாக இருக்கிறார். அத்தை எங்கள் கல்யாணத்துக்கு மறுவருடமே போய்விட்டார். மாமா மாநில அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ரொம்பவும் அளந்து பேசுவார். பத்து வருடத்தில் என்னிடம் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மச்சான் லீவில் வந்தபோது, மாமாவை அசத்த இதுதான் சமயம் என்று ஒரு ஞாயிறு மதியம் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். அதற்கு முன்னால் ஒரு மாதம் ஒயின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன்.

மாமா ஒரு துணிப்பையோடு வந்து, அதை நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். நான் பாட்டிலைத் திறந்தேன். காய்ந்துபோன கார்க்கில் பாதி பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்தேன். கிளாசில் இறங்கியது கஷாயத்தின் நிறம். வாசனை, ஊறுகாய் ஜாடியின் அடிப்பாகம்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு மாத வீடியோ வீணாகிவிடுமே!

"இந்தப் பழுப்பு நிறம்தான் முதிர்ச்சி" என்று ஆரம்பித்தேன். "முதல்ல லேசா புளிக்கும். அப்புறம் புகையிலை, பழைய புத்தகம், பதப்படுத்தின தோல்..."

"செருப்புக்கடைன்னு ஒரே வார்த்தைல சொல்லுங்களேன்" என்று கவிதா வாய் கொப்பளிக்கச் சமையலறைத் தொட்டியை நோக்கி ஓடினாள். மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாமா மட்டும் நிதானமாக முழு கிளாசையும் குடித்து முடித்தார். "நல்லாருக்கு மாப்ளே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த உணர்ச்சி வேகத்தில் அவருக்கு இரண்டாவது கிளாசை விளிம்பு வரை ஊற்றினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் எடுத்துக் குடிக்கத் தொடங்கினார்.

மச்சானால் பொறுக்க முடியவில்லை. "அப்பா, கீழ வைங்கப்பா! மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. இது வினிகர்."

"தெரிஞ்சேவா குடிச்சீங்க மாமா?" என்றேன்.

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பத்து வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருந்தீங்க. ரெண்டு நாளா வீட்டை நீங்களே தொடைச்சீங்கன்னு கவிதா சொன்னா. ஒரு வாய் குடிச்சிட்டு கிளாசை வெக்க மனசு வரல. பர்வாகில்லா மாப்ளே" என்று பாதி கன்னடத்தில் முடித்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

இதற்குள் கவிதா துணிப்பையைத் திறந்துவிட்டாள். உள்ளே அத்தையின் பழைய காட்டன் புடவையில் சுற்றி, மாமாவின் பாட்டில்.

"இதை ஏம்ப்பா வெளிய எடுக்கல?"

"அவரு ஆசையா ஒண்ணு தொறக்கறப்ப, நடுவுல இது எதுக்கும்மா?"

பத்து வருடமும் அது அவர் கட்டிலுக்குக் கீழே, சில்லென்ற சிவப்புத் தரையில் படுத்தே கிடந்திருக்கிறது. அவர் அதைத் தொடவே இல்லையாம்.

ஒயினில் நனைந்தே கிடந்த கார்க் முழுசாக வந்தது. அடியில் வண்டல் கலங்காமல் மச்சான் மெதுவாக ஊற்றினார். முதலில் நாவல் பழம், அப்புறம் மிளகுக் காரம், கடைசியில் பேரீச்சையின் இனிப்பு. துவர்ப்பு நாக்கைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. "இன்னும் அஞ்சு வருஷம்கூட தாங்கியிருக்கும்ப்பா" என்றார் மச்சான். நான் எதுவும் விளக்கவில்லை. மாமாவுக்கு வயிற்றில் இடமில்லை. (ஒன்றரை கிளாஸ் வினிகர் அல்லவா!) ஒரே ஒரு மடக்கு குடித்துவிட்டு, புடவையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

என் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கவிதா சின்ன வெங்காயம் ஊறவைக்கப் பயன்படுத்தினாள். பிரமாதமாக இருந்தது. இன்றும் யாராவது செய்முறை கேட்டால், "பத்து வருஷம் ஆகும், பரவாயில்லையா?" என்கிறாள்.

போன மாதம் மச்சான் இன்னொரு ஷிராஸ் அனுப்பினார். என் வீட்டுக்கு அல்ல. மாமாவே எனக்குப் போன் செய்தார்.

"கட்டிலுக்குக் கீழ வெச்சாச்சு மாப்ளே. பதினஞ்சு வருஷம் கழிச்சுத்தான் தொறக்கணுமாம்." அவருக்கு இப்போது எழுபத்துநாலு. மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்: "வாராவாரம் வந்து பாத்துட்டுப் போங்க. ஆனா தொடக் கூடாது."